ஆட்டத்துக்கு ஒரு பாட்டு!



முதலில் ஒரு சின்னச் சோதனை. மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். இப்போது 'சடுகுடு... சடுகுடு... சடுகுடு...' என்று விடாமல் சொல்லுங்கள். நடுவில் மூச்சு வாங்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும் தம்பியைக் கடிகாரம் பார்க்கச் சொல்லுங்கள். இருபது நொடி தாண்டினால் நீங்கள் கெட்டிக்காரர். முப்பது நொடி தாண்டினால் உங்கள் உடற்பயிற்சி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், கபடிக் குழுவில் சேர்த்துக்கொள்வார்!

உட்கார்ந்த இடத்தில் சொல்வதற்கே இந்தப் பாடு. எதிரே ஏழு பேர் காலைப் பிடிக்கக் காத்திருக்க, ஓடிக்கொண்டும் குதித்துக்கொண்டும் சொல்ல வேண்டும் என்றால்?

எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழைக்காலம் போய்விட்டால் கண்மாய்கள் வற்றிவிடும். குண்டாற்றில் தண்ணீருக்குப் பதில் மணல்தான் தெரியும். பருத்தியும் மல்லியும் வீடு வந்து சேர்ந்த பிறகு காட்டில் வேலை இருக்காது. அப்போது காய்ந்த கண்மாய்க்குள்ளோ களத்து மேட்டிலோ நடுவில் ஒரு கோடு கிழித்தால் போதும், சடுகுடு தொடங்கிவிடும். மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், காலுக்குச் செருப்புக்கூட வேண்டாம். இவ்வளவு மலிவான விளையாட்டு உலகத்தில் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

எதிர் அணிப் பக்கம் போய்த் தொட்டு வருபவரை இப்போது 'ரெய்டர்' என்கிறோம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அவரைப் 'பாடிப் போறவன்' என்பார்கள். "அடுத்து யாருப்பா பாடப் போறது?" என்றுதான் கேட்பார்கள். கவனித்தீர்களா? ஓடுவது என்று சொல்லவில்லை, பிடிப்பது என்று சொல்லவில்லை. பாடுவது!

ஏனென்றால் அந்தக் காலத்தில் அவர்கள் உண்மையிலேயே பாடினார்கள். இரண்டு அடி, நான்கு அடியில் சின்னச் சின்னப் பாட்டுகள். தன் வீரத்தைப் பற்றி, தாத்தாவின் மீசையைப் பற்றி, ஊர்க் காளையைப் பற்றி. எதிர் அணித் தலைவரைக் கேலி செய்தும் பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் கடைசிச் சொல்லையே மூச்சு தீரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே கோட்டுக்குத் திரும்ப வேண்டும். கேலி பலமாக இருந்தால் பிடிக்க வந்தவருக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் பிடி தளர்ந்துவிடும் அல்லவா? அப்படித் தப்பி வந்த ஆட்டக்காரர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பிறகு சடுகுடு வளர்ந்து கபடி ஆயிற்று. மகாராஷ்டிரத்தில் அதன் பெயர் 'ஹுதுது', வங்காளத்தில் 'ஹாடுடு', ஆந்திரத்தில் 'செடுகுடு'. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு விதி. எல்லாரும் சேர்ந்து ஆட வேண்டும் என்றால் ஒரே விதி வேண்டுமே! அதனால் பாடிப் போகிறவர் 'கபடி' என்ற ஒரே சொல்லைத்தான் சொல்ல வேண்டும் என்று ஆனது. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் நடந்தபோது மகாராஷ்டிரத்தின் அமராவதியிலிருந்து போன குழு ஒன்று அங்கே கபடியை ஆடிக் காட்டியது. 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியாகவே சேர்ந்துவிட்டது.

விதி நியாயமானதுதான். பாட்டுக்கு நடுவே திருட்டு மூச்சு வாங்கினால் நடுவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அதுவும் வேறு மொழிப் பாட்டாக இருந்தால்? ஒரே சொல் என்றால் சுலபம். ஆனால் அந்த ஒரு சொல் உள்ளே வந்ததும் நூற்றுக்கணக்கான பாட்டுகள் வெளியே போய்விட்டன. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இதுவரை சொன்னது ஆடுகிறவர் பாடும் பாட்டு. வேடிக்கை பார்க்கிறவர்களும் பாடுவார்கள் அல்லவா? சிலம்பம் சுற்றும்போது உறுமியும் பறையும் முழங்கும். மஞ்சுவிரட்டிலும் அப்படித்தான். இப்போது ஊர்க் கபடிப் போட்டிகளில் மைக் செட் கட்டி சினிமாப் பாட்டுப் போட்டுவிடுகிறார்கள். காது கிழிகிறது, அது வேறு விஷயம்.

ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் பள்ளி அணிக்காகத் தாங்களே வாத்தியம் வாசித்து, தாங்களே பாட்டுப் பாடி, அதை நெடுங்காலமாகச் செய்துவரும் இடங்கள் சில உண்டு. அப்படி இரண்டு இடங்களுக்கு இன்று உங்களைக் கூட்டிப் போகிறேன். ஒன்று பக்கத்தில், கடலைத் தாண்டினால் வந்துவிடும். இன்னொன்று ஜப்பானில்!

யாழ்ப்பாணத்தின் 'பெரும் போர்'

இராமேசுவரத்துக்கு அந்தப் பக்கம் இலங்கை. அதன் வடக்கே யாழ்ப்பாணம். தமிழர்கள் வாழும் ஊர். அங்கே கிரிக்கெட்டுக்கு ஓர் அழகான தமிழ்ப் பெயர் உண்டு. துடுப்பாட்டம்! மட்டையைத் துடுப்பு என்கிறார்கள். பார்க்கவும் படகுத் துடுப்பு மாதிரிதானே இருக்கிறது!

அங்கே 1816ஆம் ஆண்டு தொடங்கிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என்ற பள்ளி இருக்கிறது. 1823ஆம் ஆண்டு தொடங்கிய பரி. யோவான் கல்லூரி என்ற பள்ளியும் இருக்கிறது. இலங்கையில் பெரிய பள்ளிகளையே கல்லூரி என்பார்கள், குழம்பிவிடாதீர்கள். இந்த இரண்டு பள்ளிகளும் 1904ஆம் ஆண்டு முதன்முதலாகக் கிரிக்கெட் ஆடின. அன்றிலிருந்து ஆண்டுதோறும் மோதுவது வழக்கம். போட்டியின் பெயர் என்ன தெரியுமா? 'வடக்கின் பெரும் போர்'!

மத்திய கல்லூரி மைதானத்தில் மூன்று நாள் ஆட்டம். பக்கத்திலேயே யாழ்ப்பாணக் கோட்டை, பொது நூலகம். பள்ளியில் படித்து முடித்து இலண்டனுக்கும் கனடாவுக்கும் போய்விட்ட பழைய மாணவர்கள்கூட இந்தப் போட்டிக்காக ஊர் திரும்புகிறார்கள். தாத்தா, அப்பா, மகன் மூவரும் ஒரே பள்ளிக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரே பந்தலில் உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டம் எடுத்தாலும் பாட்டு, விக்கெட் விழுந்தாலும் பாட்டு. ஒன்றுமே நடக்காவிட்டாலும் பாட்டு!

அந்த வாத்திய இசைக்குப் 'பப்பரே' என்று பெயர். சொல்லிப் பாருங்கள்: பப்-ப-ரே! ஊதுகுழல் சத்தமே கேட்கிறது அல்லவா? டிரம்பெட், சாக்சபோன், பக்கவாட்டில் தொங்கும் சின்ன டிரம், வயிற்றில் கட்டிய பெரிய டிரம், பெரிய ஜால்ரா. நம் ஊர்க் கல்யாண ஊர்வலத்து பேண்டு செட் மாதிரிதான். ஆனால் தாளம் வேறு. 'தகிட தகிட' என்று மும்மூன்றாகத் துள்ளும் தாளம். கையில் தட்டிப் பாருங்கள். சும்மா உட்கார முடியாது, தோள் தானாக ஆடும்.

இந்தத் தாளம் எங்கிருந்து வந்தது? போர்த்துக்கீசியர் 1505ஆம் ஆண்டு இலங்கைக் கரையில் இறங்கினார்கள். அவர்களோடு அவர்களுடைய ஆட்டமும் பாட்டும் வந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவந்த மக்களின் தாளமும் அதில் கலந்தது. அப்படிப் பிறந்ததுதான் 'பைலா' என்ற இசை. போர்த்துக்கீசிய மொழியில் ஆடுவதற்குப் 'பைலார்' என்று சொல்வார்கள். நம் அப்பா, அம்மா காலத்தில் தமிழ்நாடு முழுவதும் ஒலித்த 'சுராங்கனி' பாட்டை வீட்டில் கேட்டுப் பாருங்கள். அது இந்தக் குடும்பத்துப் பாட்டுதான். அதைப் பாடிப் புகழ் பெற்றவர் இலங்கைத் தமிழரான ஏ.இ. மனோகரன். 'சிலோன் மனோகர்' என்றால் பெரியவர்களுக்கு உடனே தெரியும்.

யாழ்ப்பாணத்தில் மட்டுமல்ல, இலங்கை முழுவதும் பள்ளிகளுக்கு இடையே இப்படிப் பெரும் போட்டிகள் உண்டு. கொழும்பில் ராயல் கல்லூரியும் புனித தோமையர் கல்லூரியும் 1879ஆம் ஆண்டு தொடங்கின. திருச்சுழிப் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு மறக்கவே மறக்காது. ரமண மகரிஷி திருச்சுழியில் பிறந்த ஆண்டு அது! முதல் ஆண்டு ஆட்டத்தில் ஆசிரியர்களும் மாணவர்களோடு சேர்ந்து ஆடினார்களாம். மறு ஆண்டிலிருந்து மாணவர்கள் மட்டும். (ஆசிரியர்களை ஏன் கழற்றி விட்டார்களோ!) இரண்டு உலகப் போர்கள் வந்தபோதும் அந்தப் போட்டி நிற்கவில்லை.

யாழ்ப்பாணத்துப் போட்டி அவ்வளவு கொடுத்து வைக்கவில்லை. விளையாட்டுக்குப் 'போர்' என்று பெயர் வைத்த ஊரில் உண்மையான போரே வந்துவிட்டது. குண்டு விழும் ஊரில் கிரிக்கெட் ஆடுவது எப்படி? சில ஆண்டுகள் போட்டி நடக்கவே இல்லை. ஆட வேண்டிய பிள்ளைகள் பலர் ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. 2009ஆம் ஆண்டு போர் முடிந்தது. இன்று அந்த மைதானத்தில் மறுபடியும் பப்பரே கேட்கிறது. மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் என்ற சுழற்பந்து வீச்சாளர் 2024ஆம் ஆண்டு ஐ.பி.எல். போட்டியில் சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணிக்காகப் பந்து வீசினார். பெரும் போரில் பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இலங்கையின் பெரும் போட்டிகளில் பாட்டு சில சமயம் வசவாக மாறிவிடும். வசவு கைகலப்பாக மாறும். காயம் பட்டவர்களும் உண்டு. போலீசார் காவலுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. கேலிப் பாட்டு எங்கே நிற்க வேண்டும் என்பது சடுகுடு ஆடிய நம் தாத்தாக்களுக்கும் பிரச்சினைதான், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கும் பிரச்சினைதான். இதற்கு ஜப்பான்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வாருங்கள், அங்கே போவோம்.

கோஷியென் என்னும் கோட்டை

ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடித்த விளையாட்டு பேஸ்பால். கிரிக்கெட்டுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அணிக்கு ஒன்பது பேர். உருண்டையான மட்டை. பந்தை அடித்துவிட்டு நேராக ஓடாமல் நான்கு மூலைகளைச் சுற்றி ஓடி வர வேண்டும்.

1915ஆம் ஆண்டு பத்துப் பள்ளிகளோடு அங்கே ஒரு போட்டி தொடங்கியது. இப்போது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் தங்கள் மாவட்டங்களில் ஆடுகின்றன. அவற்றில் 49 பள்ளிகள் மட்டும் ஆகஸ்டு மாதம் நிஷினோமியா என்ற ஊரில் உள்ள கோஷியென் மைதானத்துக்குப் போகும். ஒரு ஆட்டத்தில் தோற்றால் போதும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மறுவாய்ப்பே கிடையாது.

கோஷியென் என்ற பெயருக்கு ஒரு கதை. மைதானம் திறந்தது 1924ஆம் ஆண்டு. நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகள் சுற்றி வருகின்றன அல்லவா? அவர்களுக்கும் அதேபோல் அறுபது ஆண்டுச் சுற்று உண்டு! அவர்கள் கணக்கில் 1924 அந்தச் சுற்றின் முதல் ஆண்டு. அந்த ஆண்டின் பெயரையே மைதானத்துக்கு வைத்துவிட்டார்கள்.

அங்கே பள்ளி மாணவர்கள் உட்காரும் பகுதிக்கு 'ஆல்ப்ஸ்' என்று பெயர். வெள்ளைச் சட்டை போட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிப்படியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்த ஓர் ஓவியர், பனி மூடிய ஆல்ப்ஸ் மலை போல இருக்கிறது என்றாராம். அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அந்த மலையின் நடுவில்தான் பள்ளியின் பேண்டு இருக்கும். டிரம்பெட், டிராம்போன், மலைப்பாம்பு மாதிரி உடம்பைச் சுற்றிக்கொள்ளும் பெரிய ஊதுகுழல், முரசு என்று வரிசையாக நிற்பார்கள். எல்லாரும் பள்ளியின் இசைக் கழகத்துப் பிள்ளைகள். பக்கத்தில் கை அசைத்துக் கூட்டத்தை நடத்தும் ஆதரவுக் குழு.

மட்டை பிடிக்க வரும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு பாட்டு உண்டு. பழைய சினிமாப் பாட்டு, கார்ட்டூன் பாட்டு, எது வேண்டுமானாலும் இருக்கலாம். 1973ஆம் ஆண்டிலும் 1978ஆம் ஆண்டிலும் வந்த பாட்டுகளை, அப்போது பிறந்தே இருக்காத பிள்ளைகள் இன்றும் ஊதுகிறார்கள். 'ஆப்பிரிக்கன் சிம்பொனி' என்று ஒன்று. அமெரிக்கர் ஒருவர் ஆப்பிரிக்காவை நினைத்து அமைத்த இசை அது. ஜப்பான் பிள்ளைகள் அதைப் பேஸ்பாலுக்கு வாசிக்கிறார்கள். நம் மனோகரன் பாட்டு மாதிரி இதற்கும் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை!

இப்போது அந்த வழியைச் சொல்கிறேன். தங்கள் அணி மட்டை பிடிக்கும்போது மட்டும்தான் பேண்டு வாசிக்க வேண்டும். எதிர் அணி மட்டை பிடிக்க வந்ததும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். அப்போது எதிர்ப் பக்கத்துப் பேண்டின் முறை. நீ பாடும்போது நான் கேட்கிறேன், நான் பாடும்போது நீ கேள்! சடுகுடுவில் ஒரு முறை நம் ஆள் பாடிப் போவார், அடுத்த முறை அவர்கள் ஆள் பாடி வருவார் அல்லவா? அதே கணக்குதான்.

ஆகஸ்டு மாதம் ஜப்பானில் கொடும் வெயில். நம் பறையைத் தீயில் காய்ச்சினால்தான் நன்றாகப் பேசும். அவர்கள் வாத்தியங்களுக்கோ வெயில் ஆகாது. குழல்களுக்குத் துண்டைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள். வாசிக்கும் பிள்ளைகளின் கழுத்திலும் ஈரத் துண்டு. அதே கோடையில் இசைக் கழகங்களுக்கென்றே தனியாக ஒரு நாடு தழுவிய போட்டியும் நடக்கும். சில ஆண்டுகளில் தேதி மோதிவிடும். தங்கள் போட்டிக்குப் போவதா, பள்ளி அணிக்கு வாசிக்கப் போவதா? இந்தப் பேண்டுப் பிள்ளைகளுக்குப் பதக்கமும் கிடையாது, பேப்பரில் படமும் அரிதாகத்தான் வரும். எனக்கு என்னவோ அவர்கள் மேல்தான் கண் போகிறது.

2019ஆம் ஆண்டு நராஷினோ என்ற பள்ளியின் பேண்டு மிகவும் சத்தமாக இருக்கிறது என்று மைதானத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் புகார் செய்தார்கள். பெரிய முரசைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். (நம் ஊர்த் திருவிழாக் குழாய் ஒலிபெருக்கியை அவர்கள் கேட்டதில்லை, பாவம்!)

வாசிக்காமல் இருந்த ஆண்டுகளும் உண்டு. 2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் தேதி ஜப்பானைப் பெரும் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. அடுத்த சில நாட்களிலேயே வசந்தகாலப் பள்ளிப் போட்டி நடக்க வேண்டும். போட்டி நடந்தது. ஆனால் வாத்தியங்கள் கிடையாது. இறந்தவர்களுக்கு மரியாதை. பந்தில் மட்டை படும் சத்தம் மைதானம் முழுவதும் கேட்டதாம். பிறகு கொரோனா வந்தது. 2020ஆம் ஆண்டுக் கோடைப் போட்டியே ரத்து. 2021ஆம் ஆண்டு வசந்தத்தில் பேண்டுகளை உள்ளே விடவில்லை. பிள்ளைகள் முன்கூட்டியே வாசித்துப் பதிவு செய்து அனுப்பினார்கள். தங்கள் அணி மட்டை பிடித்தபோது அந்தப் பதிவு மைதானத்து ஒலிபெருக்கியில் ஒலித்தது.

காகா தைசுகே எழுதிய பாட்டு

கோடைப் போட்டிக்கென்றே ஒரு பொதுப் பாட்டு உண்டு. வெற்றி மகுடம் உன் தலையில் ஒளிரும் என்பது போன்ற பொருளுள்ள தலைப்பு. ஆண்டுதோறும் தொடக்க விழாவில் பாடுவார்கள். அந்தப் பாட்டு பிறந்த கதையைக் கேளுங்கள்.

இஷிகாவா மாவட்டத்தில் காகா தைசுகே என்று ஒரு பையன் இருந்தார். பேஸ்பால் என்றால் உயிர். ஒரு நாள் வெறுங்காலோடு ஆடும்போது கால் விரலில் அடிபட்டது. சின்னக் காயம்தானே என்று நினைத்தால் அது சீழ் பிடித்து எலும்பு வரை போய்விட்டது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டியதாயிற்று. இனி அவரால் ஆட முடியாது.

(குழந்தைகளே, கட்டுரையை இங்கே ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்கிறேன். கருவேல முள் குத்தினால், காலில் கல் கிழித்தால் உடனே கழுவி மருந்து போடுங்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள்.)

காகா எழுத்தாளரானார். 1948ஆம் ஆண்டு பள்ளிப் போட்டிக்குப் புதுப் பாட்டு வேண்டும் என்று ஒரு நாளிதழ் அறிவித்தது. பரிசு ஐம்பதாயிரம் யென். அந்தக் காலத்தில் அது பெரும் பணம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் வந்து குவிந்தன. தேர்வானது ஒரு பெண் அனுப்பிய பாட்டு. பெயர் தகாஹாஷி மிச்சிகோ. எல்லாரும் அந்தப் பெண்ணைப் பாராட்டினார்கள்.

உண்மையில் அதை எழுதியவர் காகா! மிச்சிகோ அவர் மணந்துகொள்ள இருந்த பெண். ஒரு எழுத்தாளர் பரிசுப் பணத்துக்கு ஆசைப்பட்டு எழுதினார் என்று ஊர் பேசிவிடக் கூடாதே என்று அவர் பெயரில் அனுப்பிவிட்டார். இருபது ஆண்டுகள் இருவரும் வாய் திறக்கவில்லை. 1968ஆம் ஆண்டுதான் உண்மை வெளியே வந்தது. 1973ஆம் ஆண்டு காகா இறந்தார். தன் பாட்டு ஒலிக்கும் கோஷியென் மைதானத்தை அவர் ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை.

இசை அமைத்தவர் கோசெகி யூஜி. மெட்டு வரவில்லை என்று கோஷியென் மைதானத்துக்கே போய், ஆளில்லாத மைதானத்தின் நடுவே, பந்து வீசும் மேட்டில் நின்று பார்த்தாராம். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் வீரர்கள் அணிவகுத்து வந்தபோது முழங்கிய இசையும் இவருடையதுதான்.

வென்றவர் பள்ளியின் பாட்டு

கோஷியெனில் ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் எதிரெதிரே நின்று வணங்கிக்கொள்ளும். பிறகு வென்ற பள்ளியின் பாட்டு ஒலிக்கும், கொடி ஏறும். ஒலிம்பிக்கில் நாட்டுப்பண் ஒலிப்பதுபோல! இந்த யோசனையும் ஒலிம்பிக்கில் இருந்து வந்ததுதான். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற ஹிதோமி கினுயே, ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் ஜப்பானியப் பெண். அங்கே கொடி ஏறுவதையும் பாட்டு ஒலிப்பதையும் பார்த்துவிட்டு வந்து, நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இப்படிச் செய்தால் என்ன என்று கேட்டார் என்கிறார்கள். 1929ஆம் ஆண்டு வசந்தகாலப் போட்டியில் இது தொடங்கியது.

தோற்றவர்கள் என்ன செய்வார்கள்? அழுதுகொண்டே மைதானத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொள்வார்கள். அந்த மண் கருப்பு! நம் கரிசல் மாதிரி கருப்பு மண்ணோடு மணல் கலந்தது. 1958ஆம் ஆண்டு ஒகினாவா தீவிலிருந்து ஷூரி என்ற பள்ளி வந்தது. அப்போது ஒகினாவா அமெரிக்கர் கையில் இருந்தது. தோற்ற பிள்ளைகள் மண்ணோடு கப்பலில் ஊர் திரும்பினார்கள். வெளிநாட்டு மண்ணை உள்ளே விட முடியாது என்று அதிகாரிகள் அதைத் துறைமுகத்திலேயே கடலில் கொட்டச் செய்துவிட்டார்கள். செய்தியைப் படித்த விமானப் பணிப்பெண்கள் கோஷியெனிலிருந்து கூழாங்கற்களைப் பொறுக்கி அந்தப் பள்ளிக்கு அனுப்பி வைத்தார்கள். மண்ணுக்குத்தானே தடை, கல்லுக்கு இல்லையே!

பள்ளிப் பாட்டுக்கு வருவோம். கியோட்டோ நகரில் ஒரு சின்னப் பள்ளி. கியோட்டோ சர்வதேசப் பள்ளி. ஜப்பானில் குடியேறி வாழ்ந்த கொரிய மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காக 1947ஆம் ஆண்டு தொடங்கியது. இன்று அங்கே படிப்பவர்களில் ஜப்பானியப் பிள்ளைகளே அதிகம். ஆனால் பள்ளிப் பாட்டு கொரிய மொழியிலேயே இருக்கிறது. 1999ஆம் ஆண்டு பேஸ்பால் குழு தொடங்கி ஆடிய முதல் ஆட்டத்தில் 34-0 என்று தோற்றார்கள். பள்ளியில் மொத்தமே சுமார் 160 பேர்தான்.

அந்தப் பள்ளி 2021ஆம் ஆண்டு கோஷியெனுக்குள் நுழைந்து வென்றது. ஜப்பான் முழுவதும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்க, மைதானத்தில் கொரிய மொழிப் பாட்டு ஒலித்தது. சிலருக்குப் பிடிக்கவில்லை. மோசமாகவும் பேசினார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள், அவ்வளவுதான். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் தேதி, கோஷியென் மைதானத்துக்கு நூறு வயது நிறைந்த ஆண்டில், இறுதி ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் இரண்டு அணிகளும் ஒரு ஓட்டம்கூட எடுக்கவில்லை! பத்தாவது இன்னிங்சில் 2-1 என்று கியோட்டோ சர்வதேசப் பள்ளி வென்றது. மறுபடியும் அதே பாட்டு.

160 பேர் பள்ளியில் பெரிய பேண்டுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இப்படிப்பட்ட சின்னப் பள்ளிகளுக்கு வேறு பள்ளியின் பேண்டு வந்து வாசித்துக் கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. 'நட்பு ஆதரவு' என்று அதற்குப் பெயர். தனக்கு வேண்டிய பாட்டுகளைச் சொல்லி அனுப்பினால் போதும், பயிற்சி செய்துகொண்டு வந்துவிடுவார்கள்.

ஜப்பான் பிள்ளைகள் கபடியும் ஆடுகிறார்கள், தெரியுமா? 2010ஆம் ஆண்டு குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஜப்பான் ஆண்கள் அணி கபடியில் வெண்கலம் வாங்கியது. பள்ளி மாணவர்கள் கபடி ஆடுவதைப் பற்றிய ஒரு படக்கதைத் தொடர் அங்கே வந்து, 2021ஆம் ஆண்டு கார்ட்டூனாகவும் ஓடியது. அதில் பையன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு 'கபடி... கபடி...' என்று பாடிப் போகிறார்கள்.

அவர்களுடைய பேஸ்பால் பாட்டுகள் எல்லாம் ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் ஏறிவிட்டன. நம் சடுகுடுப் பாட்டுகளில் எத்தனை ஏட்டில் ஏறியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலானவை பெரியவர்கள் சிலரின் நினைவில்தான் மிச்சம். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் எழுபது வயது தாண்டிய தாத்தா ஒருவரைப் பிடியுங்கள். "தாத்தா, நீங்க சடுகுடு ஆடும்போது என்ன பாடிப் போவீங்க?" என்று கேளுங்கள். முதலில் வெட்கப்படுவார், பிறகு பாடுவார். ஒரே மூச்சில் பாடச் சொல்லாதீர்கள், பாவம். நிறுத்தி நிறுத்திப் பாடட்டும். நீங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எதிர் அணியைக் கேலி செய்யும் வரி வந்தால் அவர் முழுங்கப் பார்ப்பார். விடாதீர்கள், அதையும் கேட்டு எழுதுங்கள்!